மாமாவுக்கு மட்டும் கிளம்பும் வண்டி

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் ஒரு கார் இருந்தது என்று சொன்னால், கேட்பவர்கள் எங்களைப் பணக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காரில் ஒருமுறை ஏறியிருந்தால் அப்படி நினைக்கமாட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் கார் வைத்திருந்த வீடுகள் சொற்பம். அந்தச் சொற்பத்திலும், வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போய்வந்த வீடு எங்களுடையது ஒன்றுதான்.

எங்கள் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சவுக்குக்கட்டை வியாபாரம். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் தாண்டியும் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் இருந்தன. அவற்றை நின்ற நிலையிலேயே விலை பேசி, வெட்டி, லாரியில் மெட்ராஸுக்கு அனுப்புவார். தோப்புத் தோப்பாகச் சுற்றுவதற்கு வண்டி வேண்டும் என்று, ஊரைவிட்டுப் போகவிருந்த ஒரு ரிட்டயர்ட் ரயில்வே அதிகாரியிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி, கரும்பச்சை நிறம். சாவியைக் கொடுத்தபோது அந்த அதிகாரியின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தே தனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அம்மா பிற்பாடு சொல்லுவாள். வாங்கும்போது சொல்லவில்லை.

அதைக் கெட்ட வண்டி என்று சொல்ல முடியாது. கெட்ட வண்டியாக இருந்தால் விற்றுத் தலைமுழுகிவிடலாம். இது நம்ப முடியாத வண்டி. சில நாட்கள் பாதரசம்போல் ஓடி ஆசை காட்டும். ஒருநாள், நல்ல துணி உடுத்திக்கொண்டு யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது போகும்போது, கொளவாய் ஏரிக்கரையில் படுத்துக்கொள்ளும். இடதுபக்கம் திரும்பினால் பின்கதவு தானாகத் திறக்கும் என்பதால் அந்தப் பக்கம் எப்போதும் பெரியவர் ஒருவர்தான் உட்காருவார். மழை பெய்தால் தண்ணீர் கூரையிலிருந்து ஒழுகாமல் கீழேயிருந்து வரும். எங்கே கிளம்பினாலும் அம்மா இருவேளைச் சாப்பாடு கட்டிக்கொள்வாள், ஏனென்றால் எந்த வேளை எங்கே கழியும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் அதற்குத் தள்ளுவண்டி என்று பெயர். பாய் வண்டியில் போவதாக இருந்தால் நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போ என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த வண்டி ஒரே ஒருவர் சொன்னால் மட்டும் கேட்கும். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே மவுத்தாகிவிட்டார்கள். மாமாவை வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகி அம்மா செங்கல்பட்டுக்கு வந்தபோது மாமாவும் கூடவே வந்தார். சீர்வரிசைப் பாத்திரத்தோடு பாத்திரமாக வந்தவன் என்று அத்தாவின் அக்கா குத்திக்காட்டுவார். மாமா சைக்கிள் கடை, மரவாடி என்று பல இடங்களில் நின்று பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. பேரணாம்பட்டில் அத்தாவின் உறவுக்காரர் ஒருவர் தோல் ஷாப் வைத்திருந்தார். அங்கே அனுப்பினார்கள். சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறவைக்கும் வேலை. போனபோது இருந்த மாமாவில் பாதிதான் திரும்பி வந்தது. கையெல்லாம் வெந்து, விடாத இருமலோடு வந்தவரை அம்மா மாதக்கணக்கில் கஞ்சி கொடுத்துத் தேற்றினாள். அதன்பிறகு மாமா எங்கள் வீட்டில் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அக்கா வீட்டுச் சோறு தொண்டையில் இறங்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் கார் வந்தது.

கார் வந்ததும் மாமா நிமிர்ந்துவிட்டார். காலையில் ரேடியேட்டருக்கு வெந்நீர் ஊற்றுவார், இரவில் வண்டிக்குக் கோணி போர்த்துவார். வண்டிக்குக் காது உண்டு என்பது அவர் கட்சி. போகிற ஊரை வண்டியில் வைத்துச் சொன்னால் அது மலைத்துப் போய் நின்றுவிடுமாம். ஆகவே எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்தது. மதுராந்தகம் போவதாக இருந்தாலும் மெட்ராஸ் போவதாக இருந்தாலும், எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு யாராவது ஒருவர் உரக்க, "சும்மா தெருமுனை வரைக்கும்தான்" என்று சொல்ல வேண்டும். அத்தா தொழுகை தவறாதவர், இதையெல்லாம் மூடத்தனம் என்று திட்டுவார். ஆனால் தோப்பு ஏலத்துக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில் அவரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தெருமுனை வரைக்கும்" என்று முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

அத்தாவுக்கும் ஓட்டத் தெரியும். லைசென்ஸும் இருந்தது. ஆனால் அவர் முன்னால் போய் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் வண்டி அசையாது. மாமா வந்து பானெட்டைத் திறந்து, உள்ளே குனிந்து ஏதோ பேசிவிட்டு ஹேண்டில் போட்டால் உடனே கிளம்பும். இதன் ரகசியம் ஒருநாள் துணி துவைக்கும் கல்லில் வெளிப்பட்டது. மாமாவின் சட்டைப் பையிலிருந்து விரல் நுனியளவு பழுப்புநிறத் துண்டு ஒன்று அம்மாவின் கையில் அகப்பட்டது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாடா இது?"

"ரோட்டரு, அக்கா. என்ஜின்ல ஒரு மூடிக்குக் கீழ இருக்கும். இது இல்லாங்காட்டி எந்தக் கொம்பனாலயும் வண்டிய எடுக்க முடியாது."

"அது ஏன் உன் சட்டையில கீது?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, "திருடன் வந்தா?" என்றார்.

அம்மா அவரை வைதாள் என்று நினைக்கிறேன். ஆனால் மாமா அதை எங்கிருந்து எடுக்கிறார், எப்படி மாட்டுகிறார் என்று வண்டி அருகே போய் நின்று பார்த்தாள். பிறகு முந்தானையில் நன்றாகத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். எங்கள் தெருவில் அந்தக் காரைத் திருட எந்தத் திருடனும் வந்திருக்கமாட்டான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. மாமாவின் முன்யோசனையை எண்ணிப் பெருமைதான் பட்டேன்.

மாமாவின் பாடு கயிற்றின்மேல் நடப்பதுதான். வண்டி ரொம்ப நன்றாக ஓடினால் அவர் தேவையில்லை. ரொம்பக் கெட்டுப்போனால் அத்தா அதை விற்றுவிடுவார், அப்போதும் அவர் தேவையில்லை. அத்தா எரிச்சல்பட்டு விற்கிற பேச்சை எடுத்தாரானால், அடுத்த சில வாரங்களுக்கு வண்டி தங்கமாக ஓடும். விற்கிற பேச்சு அடங்கியதும் மெல்ல மெல்லச் சிணுங்கத் தொடங்கும். அப்படி அளவாகக் கெட்டுப்போகிற வண்டியை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

இந்தக் கணக்கில் மண் விழுந்தது. மாமா ஒரு நண்பனின் கல்யாணத்துக்காகக் கருங்குழிக்குப் போய்த் தங்கியிருந்தபோது, அத்தா மெட்ராஸிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். அந்த ஆள் வண்டியின் வயிற்றைப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பினான். எதையெதையோ கழுவினான், மாற்றினான். அந்த ரோட்டரையும் புதிதாகப் போட்டுவிட்டான். மறுநாள் அத்தா ஹேண்டிலை அரைச் சுற்றுச் சுற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது. அவருக்கே நம்பிக்கை வராமல் நிறுத்தி மறுபடியும் கிளப்பிப் பார்த்தார். கருங்குழியிலிருந்து திரும்பிவந்த மாமா, தெருவில் அத்தா தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். வீட்டுக்குள் வந்து, பையை வைத்துவிட்டு, "நல்லா ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு வண்டிச் சாவி அத்தாவின் இடுப்பில் ஏறிவிட்டது. மாமா பழக்கத்தில் காலையில் வெந்நீரோடு போய் நிற்பார், அத்தா கிளம்பிப் போயிருப்பார். நாஸ்தாவுக்குக் கூப்பிட்டால், "இப்பதான் வெளிய துன்னேன்" என்பார். யார் கடையில் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. சில நாட்களில் அத்தா சாப்பாட்டின்போது பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்: "பேரணாம்பட்டுல ஆள் வேணுமாம். பெருநாள் முடிஞ்சதும் மாப்பிள்ளய அனுப்பிடறேன்னு சொல்லிட்டேன். வூட்ல குந்திகினு இருந்தா ஆம்பளைக்கு மரியாதை இல்ல."

மாமா, "சரி மச்சான்" என்றார். அம்மா சோற்றுப்பானையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

அம்மா அத்தாவிடம் எதையும் நேராகக் கேட்டவள் இல்லை. தன் தம்பிக்காகக் கேட்பது அவளுக்குச் சாவு. ஏற்கெனவே இத்தனை வருஷம் சோறு போட்டவரிடம் இன்னும் போடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ஆனால் இரவெல்லாம் மாமா இருமுகிறாரா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது எனக்குத் தெரியும், நான் அவள் பக்கத்தில் படுப்பவள். இன்னொரு முறை அந்தக் குழியில் இறங்கினால் அவன் திரும்ப மாட்டான் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லி அழுதாள். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கையில் ஒருநாள் சதுரங்கப்பட்டினத்துக்குப் போனோம். அங்கே அம்மாவின் பெரியம்மா நோயாகக் கிடந்தார். ஊர் எல்லையில் அத்தாவுக்கும் ஒரு தோப்புப் பார்க்க வேண்டியிருந்தது. அத்தா, அம்மா, நான் மூவர்தான். மாமாவை யாரும் கூப்பிடவில்லை. அத்தா ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்து, வேண்டுமென்றே உரக்க, "சதுரங்கப்பட்டினத்துக்குப் போறோம்" என்று வண்டியிடம் சொன்னார். வண்டி மலைக்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரே மூச்சில் கொண்டுபோய் விட்டது. அத்தா வழியெல்லாம் மெல்ல ஏதோ பாடிக்கொண்டே வந்தார். அவருக்குப் பாட வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, ஊரைவிட்டு வந்ததும் சாலையோரத் தோப்பின் முன் அத்தா வண்டியை நிறுத்தினார். காவல்காரனோடு மரங்களைப் பார்க்க உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அம்மா, "உள்ள ஒரே புழுக்கம்" என்று இறங்கினாள். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். அவள் கை நேராக ஓர் இடத்துக்குப் போனது. ஒரு மூடியைத் திறந்து எதையோ உருவி, மூடியைப் பழையபடி மாட்டி, பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கினாள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆள் நடமாட்டமில்லாத சாலை, திருடனுக்குப் பயந்து எடுத்து வைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அத்தா தோப்பிலிருந்து சந்தோஷமாகத் திரும்பினார். ஹேண்டிலைப் போட்டார். வண்டி பேசவில்லை. மறுபடி போட்டார். தொப்பியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போட்டார். அம்மா துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு சவுக்கு மர நிழலில் போய் உட்கார்ந்தாள். திருடன் எவனும் வரவில்லையே, எடுத்ததைக் கொடுத்துவிடலாமே என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் மீன்கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. "இன்னா பாய், வண்டி மக்கர் பண்ணிகினு கீதா?" என்றாள் ஒருத்தி. "எங்க கட்டுமரத்துல ஏத்திக் கொண்டாந்து வுடட்டுமா?" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அத்தா வியாபாரத்தில் பெயரெடுத்த மனிதர், ஏல இடத்தில் அவர் குரல் கொடுத்தால் மற்றவர்கள் அடங்குவார்கள். அவருடைய காதுமடல் சிவந்துவிட்டது. பானெட்டைத் தூக்கி நிறுத்தி, டூல் பெட்டியை இறக்கி, ஸ்பேனர்களை வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று சட்டைக் கையை மடித்தார். அதற்கு முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று காவல்காரனின் கிணற்றுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அவர் பட்ட பாடு எனக்குத் தாங்கவில்லை. கிணற்றடியில், அவர் வாளியை இழுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அத்தா, ரோட்டரு அம்மாகிட்ட கீது. நீங்க தோப்புக்குப் போனப்ப கழட்டி வச்சிகிச்சி."

தெளிவாகத்தான் சொன்னேன். கயிறு நின்றது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டு ஒழுகும் சத்தம் கேட்டது. அத்தா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றை மறுபடி இழுக்கத் தொடங்கினார்.

"காலைத் தள்ளி வை, வழுக்கும்" என்றார்.

வண்டிக்குத் திரும்பியதும் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். பானெட்டை இறக்கி மூடினார். மறுபடியும் ஹேண்டிலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார், நிறுத்தி முகத்தைத் துடைத்தார், சுற்றினார். மீன்காரப் பெண்கள் இப்போது சிரிப்பை விட்டுவிட்டுப் பரிதாபப்பட ஆரம்பித்திருந்தார்கள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். அந்த வழியாக வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி இறங்கி, "தள்ளுங்க பாய், நான் பாக்கறேன்" என்று பானெட்டுக்குக் கை நீட்டினார். அத்தா பானெட்டின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"வேணாம்பா. இதுக்கு ஒரே ஆளுதான். எம் மச்சினன் வந்தாதான் ஆவும்."

அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கத்தான் சொன்னார். பஸ் வந்தபோது கண்டக்டரிடம், செங்கல்பட்டில் சவுக்குக்கட்டை அடுக்கிவைக்கும் எங்கள் கட்டைத்தொட்டியின் அடையாளம் சொல்லி, உடனே மாமாவை வரச்சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மீன்காரப் பெண்கள் ஏறிப்போனார்கள். அதன்பிறகும் பார்க்க ஆள் இல்லாத அந்தச் சாலையில், அம்மா பார்க்கும்போதெல்லாம், அத்தா எழுந்துபோய் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் மாமா பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்தார். பானெட்டைத் திறந்தார், மூடியைத் திறந்தார், அப்படியே நின்றுவிட்டார். அம்மா எழுந்துபோய், "ஓடியாந்திருக்கே, மூஞ்சத் தொடச்சிக்க" என்று ஒரு கைத்துண்டை மடித்து அவர் கையில் திணித்தாள். மாமா அக்காவை ஒருகணம் பார்த்தார். பிறகு துண்டோடு என்ஜினுக்குள் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அத்தாவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பி மரங்களை எண்ண வேண்டியிருந்தது. மாமா ஹேண்டிலைப் போட்டார். வண்டி கிளம்பியது.

திரும்பும்போது மாமா ஓட்டினார். அத்தா பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் எழும்பியிருந்த கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டினோம். பிறகு அத்தா, எங்களைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இந்தச் சனியன நம்பி நான் தொழில் பண்ண முடியாது மாப்ள. நீ கூடவே இரு. பேரணாம்பட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன்." மாமா, "சரி மச்சான்" என்றார், சாப்பாட்டின்போது சொன்ன அதே இரண்டு சொற்களை. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

மாமா மேலும் சில வருஷங்கள் எங்களோடு இருந்தார். கார் ஓட்டப் பழகிய கை, மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் நிறைய வரத் தொடங்கிய காலத்தில் டாக்ஸிக்குப் போனது. அவருக்குக் கல்யாணம், வீடு எல்லாம் ஆயிற்று. அத்தா போன பிறகுதான் அம்மா இந்தக் கதையை எங்களிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். "உங்க அத்தாவுக்கு லோகமே தெரியும், வண்டியப் பத்தி மட்டும் ஒண்ணும் தெரியாது, நல்லா ஏமாத்திட்டேன்" என்பாள். கிணற்றடியில் நான் சொன்னதை அவளிடம் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

அன்று எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு பக்கத்தில் நின்று அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அத்தா கேட்கவில்லை என்றால், அவருக்குக் காது மந்தமாகியிருக்க வேண்டும். அதற்காக வெகுநாள் வரைக்கும் அவரிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொன்னேன். அவரும் ஏன் கத்துகிறாய் என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.